மச்சான் சொன்னபடி இணைத்த டேப்

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இந்தப் புகழுக்கு முழுக் காரணம், ஊரில் வேறு யாருக்கும் கம்ப்யூட்டர் தெரியாது என்பது. யாராவது ஆர்வமாக வந்து எனக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டால், இருப்பதிலேயே கஷ்டமான பாடத்திலிருந்து ஆரம்பிப்பேன். (மறுநாள் வரமாட்டார். புகழ் பத்திரமாக இருக்கும்.)

தேவனூர் நாட்டில் (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு) ரோட்டோரம் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடப் படிப்பு பத்தாவதோடு நின்றது. மிச்சத்தையெல்லாம் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் இருக்கும் பாறையில் படித்தேன். எங்கள் பக்கம் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். கடையில் இருந்த பழைய லேப்டாப்பை ஆன் செய்துவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தாலும் அது இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பாறையில் உட்கார்ந்து வீடியோ பார்த்துப் பார்த்து அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினேன். கிழட்டு லேப்டாப் கன்றுக்குட்டி மாதிரி துள்ள ஆரம்பித்தது. அன்றிலிருந்து எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

ஆதார் அட்டையை நகல் எடுக்க வந்தவருக்கெல்லாம் லினக்ஸைப் பற்றிக் கால் மணி நேரம் உபதேசம் நடக்கும். "இதுல வைரஸே வராதுங்க" என்பேன். ஜீப் ஓட்டும் ராமசாமி ஒரு நாள் பொறுக்க முடியாமல், "நீ இப்படிப் பேசினா வைரஸ் மட்டுமில்ல தம்பி, ஆளும் வரமாட்டான்" என்றார். எனக்கு அது பிடித்துப் போய், அவர் எதிரிலேயே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். ஜனங்கள் போகிற போக்கில் சொல்லும் நல்ல பேச்சை எழுதி வைப்பது என் வழக்கம். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு நீள நோட்டு இருக்கிறது. அதில் பாதிப் பேச்சு என்னைப் பற்றியதாகவே இருப்பதை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

புகழ் முற்றினால் மேடை கேட்கும். அடிவாரத்தில் யாரோ ஒருவர் போனில் வந்த எதையோ அமுக்கி ஏமாந்துவிட்டார் என்று ஒரு சேதி மலையேறி வந்தது. மகளிர் குழுக் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். ஒரு மணி நேரம் பேசினேன். அவர்கள் மனதில் நிற்க வேண்டுமே என்று கடைசியில் சாரத்தைப் பிழிந்து கொடுத்தேன். "போனோ டேப்போ, திரையில திடீர்னு ஒண்ணு வந்து அனுமதிக்கவான்னு கேட்டா யோசிக்காதீங்க. நிராகரின்னு இருக்கும் பாருங்க, அதை அமுக்கிட்டு உங்க வேலையைப் பாருங்க. மறுபடி கேட்டா மறுபடி அமுக்குங்க. அது சலிக்கற வரைக்கும் நீங்க சலிக்கக் கூடாது."

கை தட்டினார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து இதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்ட ஒரே ஆள் என் கொழுந்தியாள் கோகிலா. அக்கா வீட்டுக்கு வந்தவள், மச்சான் பேச்சைக் கேட்கலாமே என்று கூட்டத்துக்கும் வந்திருந்தாள். அவள் குறித்துக்கொள்வதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட பூரிப்பைச் சொல்லி மாளாது. அந்தக் காகிதம்தான் பின்னால் என் கழுத்தை அறுத்தது.

கோகிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குண்டனி நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். பன்னிரண்டாவது முடித்த கையோடு கல்யாணம். இரண்டு பிள்ளைகள், நாலு மாடு, மிளகுத் தோட்டம். இத்தனைக்கும் நடுவில் கிராம நிர்வாக அலுவலர் ஆக வேண்டும் என்று ஓர் ஆசையை விடாமல் வைத்திருந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது ஒரு பாடம், கிழங்கு வேகும்போது ஒரு பாடம் என்று படித்தவள். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் அவள் புருஷனுடைய சித்தி, "நாலு நாள் இங்க வந்து உக்காந்து படி கண்ணு, சோறு நான் போடறேன்" என்று சொல்லி அனுப்பினார். தனக்கென்று நாலு முழு நாள் அவளுக்கு வாழ்க்கையில் அதுவரை கிடைத்ததில்லை.

படிக்க வேண்டிய பாடமெல்லாம் ஒரு பென் டிரைவில் இருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தானே தயாரித்துக் கொடுத்த குறிப்புகள். வேறெங்கும் கிடைக்காது. திருப்பூரில் வேலை செய்யும் அவள் தம்பி ஒரு டேப், சிலேட்டு அளவுக்குப் பெரிய போன் மாதிரி, வாங்கி அனுப்பியிருந்தான். குறிப்புகளை டேப்புக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. அடிவாரத்தில் எந்த செல்போன் கடையிலும் செய்து கொடுத்திருப்பார்கள். நான் விடுவேனா? "எழுத்தைப் பெருசாக்கி, பாடவாரியா அடுக்கி, அசல் புத்தகமாட்டமே பண்ணித் தாரேன்" என்றேன்.

செய்யவும் செய்தேன். மின்னூல்களை அடுக்கி வைக்க லினக்ஸில் ஒரு மென்பொருள் உண்டு. அதில் மூன்று நாள் உட்கார்ந்து பதினாறு புத்தகங்களாக மாற்றினேன். (ஒரே நாளில் முடிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் அட்டைப்படம் செய்து, அடியில் 'தொகுப்பு' என்று போட்டு என் பெயரையும் சேர்த்ததில் இரண்டு நாள் போய்விட்டது.)

புறப்படும் நாள் காலை ஒன்பது மணிக்குக் கோகிலா துணிப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கீழிருந்து வந்து திரும்பிப் போகும் பஸ் பன்னிரண்டரைக்கு. டேப்பைக் கேபிளில் சொருகி அனுப்பு என்றால் அனுப்பப் போகிறது. "ஒம்பதரைக்கெல்லாம் முடிஞ்சுரும், அப்புறம் உக்காந்து ஊர்க்கதை பேசலாம்" என்றேன். என் மனைவி மல்லிகா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, நீங்க இப்படித்தான் மோட்டாரையும் கழட்டினீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சொருகினேன். மென்பொருள் அசையவில்லை. கருவி எதுவும் இணைக்கப்படவில்லை என்றது. பிடுங்கிச் சொருகினேன். இல்லை என்றது. துணியால் துடைத்து, ஊதி, மறுபக்கத் துளையில் சொருகினேன். அதே பதில். அரை மணி நேரம் கழித்துத்தான் ஒரு வீடியோவில் பார்த்தது ஞாபகம் வந்தது. சில கேபிளுக்கு சார்ஜ் ஏற்ற மட்டும்தான் தெரியும், தகவலைக் கடத்தத் தெரியாது. ராமசாமியின் ஜீப்பில் கிடந்த இன்னொரு கேபிளை வாங்கி வந்தேன். ஒரு முழ நீளம்தான் இருந்தது.

அதைச் சொருகியதும் டேப் 'டிங்' என்றது. கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தேன். கணினியில் என்னென்ன சொருகியிருக்கிறது என்று பட்டியல் வந்தது. அதில் டேப்பின் பெயரும் இருந்தது. "பாத்தியா" என்று நிமிர்ந்து பார்த்தேன். ஆனால் மென்பொருள் இன்னும், கருவி இல்லை, இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

கேபிள் குட்டையாக இருந்ததால் கோகிலா என்னை ஒட்டிக் கீழே உட்கார்ந்து, டேப்பை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறும் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது போல அவ்வளவு பதமாக. அப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னாள்.

"மச்சான், இது என்னமோ கேக்குதுங்க."

நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வைத்தியர் நாடி பார்க்கும்போது நோயாளியின் மாமனா பேசுவது? "அது எப்பவும் எதையாவது கேட்டுட்டேதான் இருக்கும். நான் கூட்டத்துல சொல்லிக் குடுத்தபடி செஞ்சுக்க. நடுவுல பேசாத கண்ணு, யோசனை கலையுது."

"செரிங்க" என்றாள். அதற்கப்புறம் அவள் வாயே திறக்கவில்லை.

என் யோசனை எப்படி ஓடியது தெரியுமா? லினக்ஸில் கோப்புகளைக் காட்டும் சன்னல் ஒன்று இருக்கிறது. டேப்பைச் சொருகியதும் அது முந்திக்கொண்டு போய்ப் பிடித்துவிடும். விருந்தாளியை முதல் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்து உள்ளே உட்கார வைத்துக்கொண்டால், அடுத்த வீட்டுக்காரர் வாசலில் நின்று, எங்கள் ஊருக்கு யாருமே வரவில்லையே என்பாரா மாட்டாரா? அதேதான். முதல் வீட்டுக்காரரை ஒழித்துக்கட்டினேன். டேப்பைப் பிடுங்கிச் சொருகினேன். டிங். இல்லை என்றது.

சரி, எனக்கு உரிமை பற்றவில்லை போலிருக்கிறது என்று நிர்வாகி கடவுச்சொல்லைப் போட்டு விதிகளை மாற்றி எழுதினேன். சொருகினேன். டிங். இல்லை. லேப்டாப்பை அணைத்து ஏற்றினேன். டிங். இல்லை. டேப்பை அணைத்து ஏற்றினேன். டிங். ஒவ்வொரு டிங்குக்கும் பக்கத்தில் கோகிலாவின் விரல் ஒரு தடவை மென்மையாகத் தட்டியது. அது என் ஓரக்கண்ணில் பட்டது. தூசி துடைக்கிறாள் என்று நினைத்தேன். பொறுப்பான பெண் என்றும் நினைத்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு மல்லிகா வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஒம்பதரைன்னீங்க. எந்த ஊரு ஒம்பதரைங்க இது?" மென்பொருளையே அடியோடு பெயர்த்துப் புதிதாக நட்டால்தான் சரிவரும் என்று முடிவு செய்திருந்தேன். அதற்கு இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்டுக்குப் பாறை வேண்டும்.

இந்த இடத்தில் கேபிளைக் கழற்றிவிட்டு அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொண்டு நடந்திருக்கலாம். ஆனால் பட்டியலில் பெயராவது வருகிறதே, பிடுங்கினால் அதுவும் கோபித்துக்கொண்டு போய்விடுமோ என்று எனக்கொரு பயம். எனவே திறந்த லேப்டாப்பை இரு கையிலும் ஏந்திக்கொண்டு நான் முன்னால் நடக்க, ஒரு முழக் கேபிளின் மறுமுனையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு கோகிலா பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து வர, ஊருக்குள் புறப்பட்டோம்.

மிளகு பறிக்கும் காலம். தண்ணீர் டேங்குக்குப் போகும் வழியெல்லாம் மரத்துக்கு மரம் ஏணி. ஏணிக்கு ஏணி ஆள். எல்லார் கையும் நின்றது. பெருமாள் மாமா உச்சியில் கொடிக்குள்ளிருந்து தலையை நீட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ரொம்பவும் அக்கறையாகச் சொன்னார்.

"கயிறு குட்டையா இருக்குது தம்பி. ரெண்டும் முட்டிக்கும்."

கோகிலா சிரித்த சிரிப்பில் கேபிள் ஆடியது. "ஆட்டாத, ஆட்டாத" என்று நான் அதட்டியது இன்னும் நாலு மரத்துக்குச் சிரிப்பு மூட்டியது. (நோட்டு கையில் இல்லையே என்று அந்த நேரத்திலும் வருத்தப்பட்டேன்.)

பாறையில் ஏறியதும் சிக்னல் இரண்டு கோடு வந்தது. எனக்கு வந்த அதே கோளாறு உலகத்தில் யாருக்கோ வந்து, யாரோ பதில் எழுதியிருந்தார்கள். அரைகுறை இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மென்பொருளின் பழைய கோப்புறையை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்றது அந்தப் பதில். முகம் தெரியாத ஒருவர், எந்தத் தேசமோ, என்ன வயதோ. அவர் சொன்னதை அருள்வாக்கு மாதிரி எடுத்துக்கொண்டு அழிக்கும் கட்டளையை அடித்தேன்.

அது நல்ல மென்பொருள். என்னைக் கேட்டது. நிச்சயமாக அழிக்கவா? ஆமாம் என்றேன். உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்தா? ஆமாம். திரும்பக் கிடைக்காது, பரவாயில்லையா? ஆமாம், ஆமாம். ஊரைக் கூட்டி எது கேட்டாலும் நிராகரி என்று முழங்கிய மகான், தன்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் படிக்காமலே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

புதிதாக இறக்கி நிறுவி முடிக்கும்போது கீழே மூன்றாவது வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. எங்கள் ஊருக்கு வர இன்னும் பத்து நிமிஷம். கோகிலாவின் முகம் சுருங்கியது. "மச்சான், ஆகலீன்னா பரவாயில்லீங்க" என்றாள். அதில் 'பரவாயில்லை' கொஞ்சம்கூட இல்லை. நாலு நாள் அவள் கையிலிருந்து வழுக்கிப் போவது எனக்கே தெரிந்தது.

கடைசியாக ஒரு தடவை என்று பிடுங்கிச் சொருகினேன். டிங். அவள் விரல் தட்டியது. இந்தத் தடவைதான், வெயிலுக்குத் திரை சரியாகத் தெரியாமல் தலையைத் திருப்பியதால், நான் நேராகப் பார்த்தேன்.

"என்ன அமுக்குன?"

"நிராகரிங்க."

"எதை?"

"அதுதாங்க, இந்தக் கம்ப்யூட்டரு உள்ள வரட்டுமா, அனுமதிக்கவான்னு கேக்குது. ஒவ்வொருக்காலும் கேக்குது. இத்தோட பதினோரு தடவ அமுக்கிட்டேனுங்க. அது சலிக்கவே மாட்டேங்குது." என் முகத்தைப் பார்த்துக் கவலையாகச் சேர்த்துக்கொண்டாள். "மச்சான் சொன்னபடிதாங்க செஞ்சேன்."

பாறையில் வெயில் அடித்தது. டேப்பை வாங்கினேன். கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். இரண்டே பொத்தான். நிராகரி. அனுமதி. இரண்டாவதை அமுக்கினேன்.

மூச்சு விடுவதற்குள் மென்பொருளில் டேப் வந்து உட்கார்ந்தது. எவ்வளவு இடம் காலி என்று சமர்த்தாகச் சொன்னது. ஏறக்குறைய மூன்று மணி நேரமாக வாசலிலேயே நின்று உள்ளே வரலாமா, வரலாமா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள்தான் ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்தியிருக்கிறோம்.

"வந்துருச்சு கோகிலா. வந்துருச்சு." பதினாறு புத்தகத்தையும் தேர்ந்தெடுத்து அனுப்பு என்று கொடுக்கக் கையைக் கொண்டுபோனேன். தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. நூலகத்தில் புத்தகம் பூஜ்யம் என்று எழுதியிருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று பதினாறையும் அதே கோப்புறைக்குள்தான் வைத்திருந்தேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அட்டைப்படம், தொகுப்பு, என் பெயர், எல்லாவற்றையும் பத்து நிமிஷத்துக்கு முன்னால் மூன்று ஆமாம் போட்டு நானே அழித்திருந்தேன்.

இணைப்பு அருமையாக இருந்தது. அனுப்பத்தான் ஒன்றுமில்லை.

அடுத்த ஹாரன் பக்கத்தில் கேட்டது. இரண்டு பேரும் பாறையிலிருந்து இறங்கி ஓடினோம். கேபிளைக் கழற்ற இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. பெருமாள் மாமா ஏணியிலிருந்து, "பாத்து, பாத்து, சுத்திக்கப் போகுது" என்றார். நாங்கள் ரோட்டுக்கு வரும்போது பஸ் நின்றுகொண்டிருந்தது. எங்களுக்காக அல்ல. பஸ்ஸின் மூக்குக்கு நேராக நடு ரோட்டில் மல்லிகா நின்றுகொண்டிருந்தாள், கையில் கோகிலாவின் துணிப் பை. டிரைவர் ஹாரனை அடித்துப் பார்த்துவிட்டு ஸ்டியரிங் மேல் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்.

கோகிலா ஏறினாள். கேபிள் இழுத்துப் பிடித்துப் பட்டென்று தானாகக் கழன்றது. மல்லிகா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஜன்னல் வழியாகத் தங்கச்சியின் கையில் எதையோ வைத்தாள். பென் டிரைவ்.

"அது எப்படி உங்கிட்ட?" என்றேன், மேல்மூச்சு வாங்க.

"நீங்க காலையில லேப்டாப்பைத் திறந்தப்பவே எடுத்து முடிஞ்சுட்டேனுங்க" என்றாள்.

மிச்சக் கதையைக் கோகிலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். காளப்பநாயக்கன்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, செல்போன் கடை அம்மாவிடம் இரண்டையும் கொடுத்திருக்கிறாள். அந்த அம்மா டேப்பில் ஒரு சின்ன இணைப்பு முனையை மாட்டி, பென் டிரைவைச் சொருகி, டேப் கேட்ட கேள்விக்கு அதைப் பார்க்காமலே அனுமதி கொடுத்து, கோகிலா வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வேலையை முடித்திருக்கிறார். பெரிய எழுத்துமில்லை, பாடவாரியுமில்லை. கடுகு மாதிரி எழுத்தை விரலால் விரித்து விரித்து, ஒரு வரியைப் படிக்க இடமும் வலமும் தள்ளித் தள்ளி நாலு நாளும் படித்தாள். கண் சிவந்து வந்து பரீட்சை எழுதினாள்.

அந்தத் தடவை தேறவில்லை. கொஞ்சத்தில் போய்விட்டது.

என்னால்தான் போனது என்று அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். ஒரு மாதம் கடையில் லினக்ஸ் உபதேசம் நடக்கவில்லை. ராமசாமி வந்து, "உடம்புக்கு என்ன தம்பி?" என்று விசாரித்தார். மறுபடியும் பதினாறு புத்தகத்தையும் செய்தேன், இந்த முறை அட்டைப்படமும் பெயரும் இல்லாமல். ஒரே நாளில் முடிந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த பரீட்சையில் கோகிலா தேறினாள். நான் செய்ததை வைத்துப் படித்தாளா, கடுகு எழுத்திலேயே படித்தாளா என்று இதுவரை கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் குடும்பத்தில் தங்கிவிட்டது. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தால், "மச்சான் சொன்னபடிதாங்க செஞ்சேன்" என்பாள் மல்லிகா. மச்சான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டான். கல்யாண வீட்டில் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தால், சொந்தக்காரர் பத்துப் பேர் ஒரே குரலில் அதையே சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். என் நீள நோட்டில் என் கையெழுத்தில் இல்லாத ஒரே வரியும் அதுதான். மல்லிகா எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறாள்.

கோகிலா இப்போது பக்கத்து நாட்டில் கிராம நிர்வாக அலுவலர். இப்போது கடையிலேயே சிக்னல் கிடைக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் என் கடையில் வந்து போடும் மனுவெல்லாம் அவளுடைய கம்ப்யூட்டரில்தான் போய் நிற்கும். போன வாரம் ஒரு வருமானச் சான்றிதழ் மனுவில் அப்பா பேரையும் தாத்தா பேரையும் நான் மாற்றிப் போட்டுவிட்டேன். சாயங்காலம் போன் வந்தது. அரசாங்க அலுவலர், மரியாதையாகத்தான் பேசினாள்.

"மச்சான், உங்க மனு ஒண்ணு என் முன்னால நிக்குதுங்க. அனுமதிக்கவான்னு கேக்குது. நீங்க சொன்னபடியே செஞ்சரட்டுங்களா?"